ஜுனைதீன் மாஸ்டரின் அலைக்கணக்கு

கஜக்கோலைச் சீத்தைத் துணியின் மேல் வைத்தபடியே ஜுனைதீன் மாஸ்டர் நின்றுவிட்டார். இரண்டு கஜம் அளந்தாயிற்று. மூன்றாவது கஜத்தின் நடுவில் கை அசையாமல் இருக்கிறது. கண் துணியிலும் இல்லை, வாங்க வந்தவளிடமும் இல்லை. எதிர்ச்சாரிக் கூரையிலிருந்து வழியும் மழைத் தண்ணீரைப் பார்ப்பது போலத் தோன்றும். அதையும் அவர் பார்க்கவில்லை. தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கி வந்த பெரியாயிக்கு இது புதிதல்ல. கூடையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னாங்க மாஸ்டரு, மறுபடியும் போயிட்டீங்களா?"

"வந்துட்டன், வந்துட்டன். எத்தன கஜம் கேட்டீங்க?"

"நாலுங்க. நீங்க ரெண்டுலயே போயிட்டீங்க."

கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து அண்ணன் ஹாஷிம் முதலாளியின் குரல் வரும். "தம்பி! ஒன்ட மூளைய பள்ளிக்கூடத்துலயே வச்சிட்டு வாவன். கை ரெண்டும் மட்டும் கடைக்கு வந்தா காணும்."  மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார். துணியை உதறி, முதல் கஜத்திலிருந்து மறுபடி அளப்பார். சந்தேகம் வந்துவிட்டால் ஒரு கை அகலம் கூட விட்டுத்தான் கிழிப்பார். தோட்டத்துப் பெண்கள் அவர் கடையில் நிற்கும் நேரம் பார்த்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். துருக்கித் தொப்பி, முழங்கையில் சோக்குத்தூள் படிந்த கறுப்புக் கோட்டு. காலையில் பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பின்னேரம் தோட்டக் கணக்கப்பிள்ளைமார் சிலருக்கு வீட்டில் பாடம். அதற்குப் பிறகு இரவு இஷாத் தொழுகை வரைக்கும் அண்ணனின் புடைவைக் கடை. யாராவது வழியில் சலாம் சொல்லிச் சுகம் விசாரித்தால், பதில் சலாத்தோடு சேர்ந்து ஒரு சொல் வரும்: "அலுப்பு." சலிப்பாகச் சொல்லமாட்டார். மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

இத்தனைக்கும் நடுவில், தூங்கும் நேரத்தையும் தொழும் நேரத்தையும் விட்டால், அவர் தலைக்குள் ஓர் அலை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு கோடு. அதன் மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறும் ஓர் அலை. கோட்டுக்கு மேலே உள்ள பரப்பைக் கூட்டு. கீழே உள்ளதைக் கழி. கடைசியில் என்ன மிஞ்சும்? அலை ஒரே சீராக இருந்தால் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். மாஸ்டருடைய அலை சீரானதல்ல. அது எங்கே விரைய வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பதை ஒரு பல்லுறுப்புக் கோவை தீர்மானிக்கிறது. எக்ஸின் மும்மடி, இருமடி என்று வகுப்பில் எழுதுகிறோமே, அதேதான். அது சொல்லுகிறபடி அலை ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும், ஓரிடத்தில் சோம்பும், ஓரிடத்தில் நின்றேவிடும். நெருக்கமாக ஓடும் இடத்தில் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். நின்ற இடத்தில்தான் மிச்சம் சேரும். எவ்வளவு சேரும் என்று அச்சொட்டாக எழுதுவது பெரும்பாலும் நடக்காத காரியம். இதற்கு மேல் போகாது என்று ஒரு வரம்பு கட்டலாமா, அந்த வரம்பைக் கோவையின் தலை உறுப்பை, அதாவது மிகப் பெரிய படியுள்ள உறுப்பை, மட்டும் பார்த்துச் சொல்லிவிடலாமா என்பதுதான் அவர் கேள்வி.

ஒருமுறை ஹாஷிம் முதலாளி உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். தம்பி துணி சுற்றும் தாளில் அலையைக் கீறிக் காட்டினார்.

"மேல உள்ளதும் கீழ உள்ளதும் வெட்டுப்பட்டுப் போனா, கடசீல ஒண்டுமில்லயா?"

"ஒண்டுமில்லண்டு செல்ல ஏலா, நானா," என்று அண்ணனைத் திருத்தினார் தம்பி. " இவ்வளவுக்கு மேல போகாதுண்டு செல்லலாம்."

"இதச் செல்லத்தானா இத்தன வருஷம்?"

"இன்னும் செல்லி முடியல்ல," என்றார் மாஸ்டர்.

சென்னையில் ஒரு கல்லூரியில் படித்த காலத்தில் பிடித்த பைத்தியம் இது. வாப்பா மவுத்தானதும் படிப்பை அதற்கு மேல் நீட்டாமல் ஊருக்குத் திரும்பினார். கடைக்கு மேலே உள்ள வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு கூட்டாக இருந்தார். கலியாணமும் ஆயிற்று. மனைவி ஸவாஹிரா வெலிமடைப் பக்கத்துப் பெண், கைவேலைக்காரி, வாய் அதிகமில்லை. அந்த வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு குறை. சமையலறை ஒன்று, அதன் ராச்சியம் மூத்த மருமகளான, ஹாஷிம் முதலாளியின் மனைவி றஷீதாவுடையது. ஸவாஹிரா ஆக்கிய எந்தக் கறியையும் றஷீதா ஒரு சிட்டிகை உப்புப் போடாமல் இறக்கவிட்டதில்லை. உப்புச் சரியாக இருந்தாலும் போடுவாள். "இளையவட கை கொஞ்சம் பயந்த கை," என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பொல்லாதவள் அல்ல. இருபது வருடமாக அந்த அடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவள். கை தானாக உப்புக்குப் போகும். ஸவாஹிரா அகப்பையைக் கழுவி மாட்டிவிட்டு அறைக்கு வந்து தைத்துக்கொண்டிருப்பாள்.

நாலைந்து வருடத்துக்கு முன் அந்தக் குறை தீர்வதற்கு ஒரு வழி பிறந்தது. மாஸ்டர் தம் அலைக்கணக்கை ஒருவாறு முடித்துவிட்டார். முடித்தது மட்டுமல்ல, நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பல்லுறுப்புக் கோவை என்ன, எந்தக் கோவை அலையை ஓட்டினாலும் சரி. வேகம் எந்த இடத்திலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காதிருந்தால் மிச்சம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று ஒரு பொதுவிதி. அதைச் சென்னையில் கணிதக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார். இரண்டு பேர் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள். அடுத்த இதழில் போடுவதாகப் பதில் வந்தது. சேதி கொழும்புக்கும் எட்டியது. அங்கே ஒரு கல்லூரியின் தலைமைத் துரை, உயர்வகுப்புக் கணிதத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர், நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தார். பேசி முடித்துவிட்டால் தை மாதமே வேலைக்கு வரலாம். மருதானையில் இருக்க ஒரு சின்ன வீடும் கிடைக்கும்.

ஸவாஹிரா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "அடுப்படி தனியாவா ஈக்கும்?"

"தனி வீடு எண்டா தனி அடுப்படிதானே."

மறுநாளே அவள் தன் சீதனத்துச் சட்டி பானைகளைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் துலக்கி, வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி, அறை வாசலில் வைத்துவிட்டாள். அந்தச் சாக்கைத் தாண்டித்தான் மாஸ்டர் கொழும்புக்குப் புறப்பட்டார்.

அப்போதும் இப்போதும் ரயில் பதுளைக்கு வரவில்லை; தெமோதரைப் பக்கம் மலையைக் குடைகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வந்திருக்கிறது. பண்டாரவளைக்குப் போய்த்தான் ரயில் பிடிக்கவேண்டும். ஹாஷிம் முதலாளியின் சாமான் ஏற்றும் வண்டிக்காரன் வீரய்யா விடிகிற நேரத்தில் மாடுகளைப் பூட்டினான். மார்கழிக் குளிர். மாஸ்டர் முன்பக்கத்தில் வீரய்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹாலி எலவைத் தாண்டிப் பாதை மலையில் ஏறத் தொடங்கியது. இந்தப் பக்கம் ஒரு நீளம், வளைவு, அந்தப் பக்கம் ஒரு நீளம், மறுபடி வளைவு. தேயிலைச் சரிவில் துணியை மடித்துப் போட்டதுபோல் பாதை மடிந்து மடிந்து மேலே போனது. ஒரு மடிப்பில் வெயில் இடது கன்னத்தில் விழும். திரும்பினால் வலது கன்னத்தில் விழும்.

தெமோதரையைத் தாண்டியபோது மாஸ்டர் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தார். சுட்டது. வலது கன்னத்தைத் தொட்டார். ஜில்லென்றிருந்தது.

"வீரய்யா, பாத ரெண்டு பக்கமும் ஒரே நீளந்தானே?"

"ஏறக்கொறைய அப்பிடித்தாங்க."

"வண்டியும் எங்கயும் நிக்கல்ல."

"நிக்க விட்ருவேனா? ஆனா இந்த எளவெடுத்த மாடுக இருக்கே, அந்தப் பக்கம் திரும்புனா காத்து மூஞ்சில அடிக்குதுன்னு ஓடுதுங்க. இந்தப் பக்கம் வந்தா வெயிலுல சொகமா அசைஞ்சுக்கிட்டு வருதுங்க. அடிச்சாலும் அம்புட்டுத்தான். எங்க சனம் மட்டும் விடியக்குள்ள குளிரோட பெரட்டுக்கு நின்னு பேரு குடுக்குதே, இதுகளுக்கு என்னா வந்துச்சு!" என்று வீரய்யா மாடுகளைத் திட்டத் தொடங்கினான். தொடங்கினால் அவன் லேசில் விடமாட்டான். தோட்டத்தை, கங்காணியை, மழையை, மச்சானை என்று ஒவ்வொன்றாய் இழுத்துத் திட்டிக்கொண்டே வந்தான்.

மாஸ்டர் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கை இன்னும் இடது கன்னத்திலேயே இருந்தது. வண்டி எந்த இடத்திலும் ஓர் அளவுக்குக் குறைந்த வேகத்தில் போகவில்லை. அவர் விதி கேட்பது அது ஒன்றைத்தான். அப்படியானால் இரண்டு கன்னமும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கவேண்டும். கட்டவில்லை. ஏனென்றால் வேகம் வளைவோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் வரும்போதெல்லாம் மெதுவாக, மறுபக்கம் வரும்போதெல்லாம் விரைவாக. மெதுவு என்றாலும் அந்த அளவுக்கு மேலேதான். ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் மிச்சம். மடிப்புக் கூடக் கூட மிச்சமும் கூடும். வரம்பு எங்கே? அலையும் அப்படி ஓடினால்? கோட்டுக்கு மேலே இருக்கும்போது தயங்கி, கீழே இறங்கியதும் விரைந்தால்?

பின்னேரம் பண்டாரவளையில், அண்ணனுக்கு வேண்டிய ஒரு கடைக்காரர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அப்படியொரு அலையைச் செய்து பார்த்தார். கஷ்டமாகவே இல்லை. தாம் எழுதிய நிரூபணத்தில் 'அடுத்தடுத்த மேடும் பள்ளமும் ஏறத்தாழச் சமம்' என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தது நினைவுக்கு வந்தது. அந்த வரிக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது பொதுவிதி செத்துவிட்டது. எட்டு வருடத்தில் கட்டியதை உடைக்க ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது.

அன்றிரவு நன்றாகத் தூங்கிவிட்டதைச் சொல்ல அவருக்கு இன்றும் வெட்கம். "கவலப்படக்கூடத் தெம்பு இரிக்கல்ல," என்பார்.

கவலை மறுநாள் ரயிலில் வந்தது. பண்டாரவளையிலேயே திரும்பியிருக்கலாம். திரும்பாமல் ஏறி உட்கார்ந்ததற்குக் காரணம், நேரில் சொல்லவேண்டும் என்ற நேர்மை மட்டுமல்ல. சொல்லாமல் இருந்துவிடலாமே என்ற நினைப்பும் கூடவே ஏறி உட்கார்ந்தது. அப்புத்தளையில் ரயில் நின்றபோது இரண்டு பக்கமும் பனிமூட்டம். பக்கத்துப் பெட்டியும் தெரியவில்லை. படித்துப் பார்த்த இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கொழும்புத் துரை கவனிக்கப் போவதில்லை. வேலையை ஏற்றுக்கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல ஓட்டையை அடைத்துவிட்டால் என்ன? அடைபடக் கூடிய ஓட்டையாகவும் இருக்கலாம். வைக்கோல் சுற்றிய சட்டிகள் கண்ணுக்குள் வந்தன. தேத்தண்ணி விற்றவன் சன்னலைத் தட்டினான், வாங்கினார், ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். இறக்கம் முழுவதும், நானு ஓயா, அட்டன் என்று நிலையங்கள் கடந்தபோதெல்லாம், சொல்வதா வேண்டாமா என்று அவரே சொல்வதைப் போல 'மேலயும் கீழயும்' போய்வந்துகொண்டிருந்தார். எந்த நிலையத்தில் முடிவு செய்தார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. துரையின் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காரும்வரை முடிவு செய்யவில்லை என்றுதான் நினைக்கிறார்.

துரை தலைநரைத்த ஆங்கிலேயர். எழுந்து கைகொடுத்து, தேநீர் வரவழைத்து, கட்டுரையைப் புகழ்ந்தார். எல்லாம் இங்கிலீஷில்.

"ஒன்று சொல்லவேண்டும்," என்றார் மாஸ்டர். "அந்த விதி பிழை."

துரை கோப்பையைக் கீழே வைத்தார். "யார் கண்டுபிடித்தது?"

"நான்தான். முந்தாநாள், வழியில்."

"வேறு யாருக்காவது தெரியுமா?"

"இன்னும் தெரியாது. சென்னைக்கு இன்று எழுதுகிறேன், அச்சேற்ற வேண்டாமென்று."

துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "திருத்த முடியுமா?"

"தெரியவில்லை. முழுதாக முடியாது. பல்லுறுப்புக் கோவைக்கு மட்டும் நிற்கும் என்று மனம் சொல்கிறது. மனம் முன்பும் இப்படித்தான் சொன்னது."

துரை கெட்டவர் அல்ல. இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் கமிட்டியைச் சம்மதிக்க வைத்ததாகவும், அது இல்லையென்றால் பட்டம் பெரிதாக உள்ள வேறு ஆளைத்தான் அவர்கள் கேட்பார்கள் என்றும் விளக்கினார். திருத்தி முடித்துவிட்டால் தமக்கு எழுதச் சொன்னார். இடம் மட்டும் காத்திருக்காது என்றார். வாசல்வரை வந்து குடையை எடுத்துக் கொடுத்தார். அந்த மரியாதைதான் தாங்கமுடியாமல் இருந்தது என்பார் மாஸ்டர்.

வீடு திரும்பியபோது பகல் சாப்பாட்டு நேரம். ஸவாஹிரா சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டாள்.

"வேல கெடக்கல்லயா?"

"கெடக்கத்தான் இரிந்திச்சி. கணக்கு பிழச்சிப் போச்சி."

"ஆரு பிழ எண்டு சென்ன?"

"நான்தான்."

 கீழே கடையில் துணி கிழியும் சத்தம் கேட்டது. பிறகு, "பிழயான கணக்குக்குச் சம்பளம் தரமாட்டாங்களா?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டாள்.  தருவார்கள், நிறையப் பேருக்குத் தருகிறார்கள் என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வந்தது, அடக்கிக்கொண்டார். கோட்டையும் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். அலுப்பு என்ற வழக்கமான சொல்கூட வரவில்லை.

அன்று பகலும் மறுநாளும் ஸவாஹிரா அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக ஹாஷிம் முதலாளிக்கு முன்னால் போய் நின்றாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவரோடு அவள் நேரில் பேசியது அதுதான் முதல் தடவை.

"மச்சான், பின்னுக்கு ஈக்கிற சாமான் அறைய எனக்குத் தாங்க."

"எனத்துக்குப் புள்ள?"

"அடுப்பு வைக்க."

முதலாளி மனைவியைப் பார்த்தார். றஷீதா தம்பி பெண்சாதியைப் பார்த்தாள். அந்த அறையில் பழைய பெட்டிகளும் எலியும்தான். "இந்த வீட்டுல சோத்துக்கு என்ன குற வந்திச்சி?" என்று றஷீதா ஒரு தடவை கேட்டாள். ஸவாஹிரா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் றஷீதாவே முந்தானையிலிருந்த சாவியை அவிழ்த்துத் தரையில் வைத்தாள். "கூர ஒழுகும். பாத்துக்க," என்றாள். 

ஆற்றோரத்திலிருந்து களிமண் சுமந்து வந்தது மாஸ்டர். கணக்கு வாத்தியார் கூடையில் மண் சுமப்பதைக் கடைத்தெருவே பார்த்தது. அடுப்புப் போட்டு, காய்ந்ததும், ஸவாஹிரா சாக்கை அவிழ்த்தாள். முதல் நாள் ஆக்கிய பருப்பில் உப்புப் போதவில்லை. றஷீதாவின் சிட்டிகைக்கு இடம் விட்டு, வருடக் கணக்காகப் பாதி உப்போடு நிறுத்திப் பழகிய கை. மாஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் தின்று முடித்தார். தானும் ஒரு வாய் வைத்துப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் கொழும்பிலிருந்து வந்த பிறகு அவளிடம் கேட்ட முதல் சிரிப்பு.

கணக்கு அவ்வளவு லேசில் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம், கணக்கப்பிள்ளைமார், கஜக்கோல். இடையில் கிடைக்கும் துண்டு நேரத்தில் மாஸ்டர் இறந்த விதியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிற்கும் இடங்களைப் பற்றி அவருக்குப் பயமில்லை. பல்லுறுப்புக் கோவை மெதுவாகப் போகும் இடங்களின் மொத்த நீளத்தை அதன் தலை உறுப்பு கட்டுப்படுத்திவிடும். அதை முன்பே சரியாக நிறுவியிருந்தார். மற்ற இடத்தில்தான் மாடுகள். வேகமாக ஓடும் இடத்திலும் கோவை அலையோடு கூட்டுச் சேர்ந்து ஏமாற்றாது என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருடம் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது. சில நாள் அதைத் தொடவே பிடிக்காது. "கெணத்துக்குள்ள வாளி விழுந்த மாதிரி. எட்டிப் பாத்தாத் தெரியிது, எடுக்க ஏலா," என்பார்.

மூன்றாம் வருடம், தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். புது அடுப்படியின் வாசல்படியில், பின்னேர வெளிச்சத்தில். இருபடிச் சமன்பாடு ஒன்றுக்கு ஒருவன் மூன்று விடை எழுதியிருந்தான். மாஸ்டர் சிவப்பு மையால் மூன்றாவதை வெட்டினார். வகுப்பில் தொண்டை வற்றச் சொன்னதையே முணுமுணுத்தார்: "இருபடிக்கு ரெண்டுக்கு மேல வராது வாப்பா."

பேனை நின்றுவிட்டது.

இருபடிக்கு இரண்டுக்கு மேல் வராது. மும்மடிக்கு மூன்றுக்கு மேல் வராது. வேகம் திரும்பும் இடங்களும் இப்படியொரு சமன்பாட்டின் விடைகள்தான். அப்படியானால் பல்லுறுப்புக் கோவையின் வேகம் கூடுவதிலிருந்து குறைவதற்கும், குறைவதிலிருந்து கூடுவதற்கும் அதன் படி அனுமதிக்கும் தடவைக்கு மேல் மாறமுடியாது. மாடுகள் ஒவ்வொரு வளைவிலும் மனம் மாற்றலாம். இதனால் முடியாது. ஒரு கை விரலில் எண்ணிவிடக்கூடிய தடவை மாறிவிட்டு, பிறகு ஒரே போக்கில்தான் போகவேண்டும். ஒரே போக்கில் விரைந்தால் ஒவ்வொரு மேட்டையும்விட அதற்கடுத்த பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும். ஈடுகட்டாமல் தப்ப வழியில்லை. ஓடும் இடத்து மிச்சம் ஒன்று, நிற்கும் இடத்து மிச்சம் ஒன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டும் சமமாகிற இடத்தில் வரம்பை வைத்தால் தலை உறுப்பு மட்டும் மிஞ்சும். கீழுள்ள உறுப்புகள் எதுவானாலும் ஆகட்டும்.

ஸவாஹிரா உள்ளேயிருந்து, "தாள் பறக்குது," என்றாள். முற்றத்தில் நாலைந்து விடைத்தாள்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் எழுந்து போய்ப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே அழுதார் என்று அவள் பிற்பாடு றஷீதாவிடம் சொன்னாள். அவரைக் கேட்டால் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள் என்பார்.

பழைய கட்டுரையின் பெரிய பேச்செல்லாம் போய், ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது புதியது. பல்லுறுப்புக் கோவைக்கு மட்டும். சரிபார்த்துக்கொண்டே மேலும் ஒரு வருடம் வைத்திருந்தார். சென்னைக்கு அனுப்பினார், போட்டார்கள். கொழும்பில் அந்த இடத்துக்கு எப்போதோ வேறு ஆள் வந்துவிட்டார். போன மாதம் ஒரு மழைநாளில், அச்சான கட்டுரையின் தனிப்பிரதிகள் ஒரு கட்டாக வந்து சேர்ந்தன.

மாஸ்டர் கட்டை அடுப்படிக்குக் கொண்டுபோனார். ஸவாஹிராவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "உங்கட பேரு எது?" என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினார். ஈரக்கையைத் துடைத்துவிட்டு அவளும் அதே இடத்தில் விரல் வைத்தாள். அங்கிருந்து வரி வரியாகக் கடைசிவரை விரலை ஓட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இப்ப சரியா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். முதல் பக்கத்தில், விதியைச் சொல்லும் வரியை மறுபடி படித்தார். இன்னொரு பிரதியை எடுத்துப் படித்தார். அதிலும் அப்படித்தான். அச்சுக் கோத்தவன் ஒரு சொல்லை விட்டுவிட்டான். 'பல்லுறுப்பு' என்பதற்கான இங்கிலீஷ்ச் சொல். அது இல்லாமல் அந்த வரி எந்தக் கோவைக்கும் பொருந்தும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. செத்த விதி தாளில் எழுந்து உட்கார்ந்திருந்தது.

ஸவாஹிரா அவர் முகத்தைப் பார்த்தாள். "மறுபடியும் பிழயா?"

"ஒரு சொல்லு வுட்டுப் போச்சி."

"பெரிய சொல்லா?"

"அதுதான் எல்லாம்."

சென்னையில் யார் யார் வீட்டிலோ இந்நேரம் அந்த இதழ் கிடக்கும். அதற்குத் திருத்தம் போடச்சொல்லி எழுதலாம், அவர்கள் போடவும் போடலாம். மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "அலுப்பு," என்றார். பிறகு மைக்கூட்டைக் கொண்டுவந்து பலகையில் வைத்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் பிரதியில் அந்த வரிக்கு மேல் ஒரு சின்னக் கூரைக்குறி போட்டு, விட்டுப்போன சொல்லைச் சிறிய எழுத்தில் எழுதினார். இரண்டாவதை எடுத்தார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத பிரதிகள். பதுளையில் அதைப் படிக்க ஆளில்லை. மழை ஈரத்தில் மை காயாமல் மினுங்கியது. ஸவாஹிரா அகப்பையைக் கீழே வைத்தாள். அவர் எழுதி முடித்த தாளை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடித்து அடுப்புச் சூட்டுக்கு மேலே காட்டி, மை காயும்வரை வைத்திருந்து, அடுத்ததற்குக் கை நீட்டினாள்.